ஏதேனும் நான்கு அணிகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக

தூக்கத்தில் பல்லைக் கடிக்கிற வழக்கம் அவளுக்கு முப்பத்தெட்டாம் வயதில் வந்தது. பல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்த தங்கைதான் முதலில் கண்டுபிடித்தாள். சாவி வெட்டும் கடைக்கு மேலே இரண்டு அறைகளில் அக்காவும் தங்கையும் குடியிருந்தார்கள். பகலெல்லாம் கீழே இயந்திரம் இரும்பைக் கடித்தது. இரவில் அக்கா.

"கண்ணாடில போய்ப் பாரு. கடைவாய்ப் பல்லு ரெண்டும் தட்டையாப் போச்சு. அவர் மேல இருக்கிற கோபத்துல உன் பல்லுதான் தேயுது. அவருக்கு ஒரு முடிகூட உதிரலை."

"உதிர்றதுக்கு அவர் தலைல என்ன இருக்கு?" என்றாள் அக்கா.

அவர் என்பது அவள் முன்பு வேலை பார்த்த கல்லூரியின் இலக்கியத் துறைத் தலைவர். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் ஆகா. எந்தக் கவிதையை வாசித்தாலும் கடைசி வரியில் கண்ணை மூடுவார், "ஆகா" என்பார், அடுத்த பக்கத்தைத் திருப்புவார். என்ன ஆகா, எதற்கு ஆகா என்று இருபத்தாறு வருடத்தில் யாருக்கும் சொன்னதில்லை.

அதைச் சொல்லும் வேலை அவளுக்கு வந்து சேர்ந்தது. அந்தத் துறையில் அவள் ஒன்பது வருடம் தற்காலிக ஆசிரியை. அவர் வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் நேராக அவளிடம் வருவார்கள். "மேடம், சார் ஆகான்னுட்டுப் போயிட்டார். ஏன்னு நீங்க சொல்லுங்க." அவள் வரியைக் கரும்பலகையில் எழுதி, ஒரே ஒரு சொல்லை அழித்துவிட்டு அந்த இடத்தில் வேறொரு சொல்லைப் போடுவாள். இப்போது என்ன தொலைந்தது என்று கேட்பாள். தொலைந்ததைத் தேடும்போதுதான் பிள்ளைகளுக்கு உவமை புரிந்தது, உருவகம் புரிந்தது. அப்படிக் கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் எழுதி எழுதி நான்கு நோட்டுகள் நிறைந்தன.

"பார்த்துட்டுத் தரேம்மா" என்று ஆகா நோட்டுகளை வாங்கிப்போனார். எட்டு மாதம் கழித்துத் திருப்பித் தந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, ஆகா என்றார்.

இரண்டு வருடத்தில் புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பெயர். உள்ளே அவள் கேள்விகள், அவள் பதில்கள், மூன்றாம் நோட்டில் அவசரத்தில் அவள் செய்திருந்த ஒரு பிழைகூட அப்படியே. முன்னுரையின் கடைசி வரியில், தட்டச்சுப் பணியில் உதவிய சகோதரிக்கு நன்றி என்று இருந்தது. அவளுக்குத் தட்டச்சுத் தெரியாது.

அதைக்கூட விழுங்கியிருப்பாள். அடுத்த மாதம் நிரந்தரப் பணிக்கு நேர்காணல் நடந்தது. குழுவின் நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். "தற்குறிப்பேற்றத்தை விளக்குங்கம்மா" என்றார். தானாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞன் தன் மனதில் இருப்பதை ஏற்றிச் சொல்வது என்று அவள் ஆரம்பித்து, தனக்குத் தெரிந்த விதத்தில் விளக்கினாள். முடிக்கிறவரை அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் என் புத்தகத்துல இருக்கிறதையே ஒப்பிக்கிறீங்களே. சொந்தமா ஒண்ணும் இல்லையா?"

மற்ற இருவரும் சிரித்தார்கள். பல்லைக் கடிப்பது அன்றிரவு தொடங்கியது.

புறநகரில் ஒரு சிறிய கல்லூரியில் வேலை கிடைத்தது. மாலையில் ஒரு அச்சகத்துக்குப் போய்வந்தாள். ஆகாவின் புத்தகம் பல்கலைக்கழகத்தின் பாடநூல் ஆகிவிட்டிருந்தது. பாடநூல் என்றால் அதற்கு ஒரு கைடு வேண்டும். பிள்ளைகள் பாடநூலை வாங்கி வைப்பார்கள், கைடைப் படிப்பார்கள். அந்தக் கைடை எழுதித்தர ஆள் தேடிக்கொண்டிருந்தார் அச்சகக்காரர். பெயர் வராது, ஆசிரியர் குழு என்றுதான் போடுவோம் என்றார். பெயர் வராமல் எழுதுவது அவளுக்குப் பழக்கம்தான்.

"ஒரு விஷயம்மா. எடுத்துக்காட்டுக்கு யார் பாட்டையும் எடுத்துப் போட்டுடாதீங்க. அனுமதி வாங்கலைன்னு கவிஞர் வீட்டு மாப்பிள்ளை வந்து நிப்பாரு. ஒவ்வொரு அணிக்கும் ரெண்டு வரி நீங்களே எழுதிடுங்க."

"நானேவா?"

"யாரு பாட்டுன்னு பசங்க கேக்கவா போறாங்க? மனப்பாடம் பண்ணுவான், எழுதுவான், மறந்துடுவான்."

எழுதுவான் என்ற அந்த வார்த்தை அவளோடு பஸ்ஸில் ஏறி வீடுவரை வந்தது. ஆகா கைடு படிக்க மாட்டார். ஆனால் ஒவ்வொரு வருடமும் அவர்தான் தலைமைத் தேர்வாளர். விடைத்தாளைப் படித்துத்தான் ஆகவேண்டும்.

உருவகத்துக்கு இப்படி எழுதினாள்:

ஆகா என்னும் குடை விரித்து
அறிவு மழையில் நனையாமல் நின்றார்.

தற்குறிப்பேற்றத்துக்கு:

காற்று புரட்டுகிறது ஏடுகளை,
எழுதியவள் பெயரைத் தேடி.

உவமைக்கு, அடுத்த வீட்டுப் பிள்ளையை மடியில் வைத்துத் தன் ஜாடை என்று காட்டுகிறவரைப்போல ஒருவர் தன் நூலின் அட்டையைத் தடவுகிறார். புகழ்வதுபோல் இகழ்கிற வஞ்சப்புகழ்ச்சிதான் ஒரே மூச்சில் வந்தது:

உமக்கு நிகர் யார் ஐயா? நாங்கள் எழுதினால்தான் நூல்.
நீர் எழுதாமலே ஐந்து பதிப்பு.

தங்கை படித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "கண்டுபிடிச்சா உன் வேலை போயிடும்க்கா" என்றாள். கைடு எழுதுகிறவர்கள் விடைத்தாள் திருத்தக்கூடாது என்று விதி. எழுதவில்லை என்று திருத்தும் முகாமில் கையெழுத்துப் போட்டுத்தான் உள்ளே போகவேண்டும். அவள் போட்டாள்.

முகாம் ஒரு பள்ளியின் விளையாட்டுக் கூடத்தில். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே நீள மேசை, மேசைக்கு ஆறு தேர்வாளர்கள், சிவப்பு மைப் பேனா. மேசைத் தலைப்பில் தலைமைத் தேர்வாளர், அவருக்கு மட்டும் பச்சை மை. அவள் பெயர் ஆகாவின் மேசைக்கே வந்திருந்தது. அவளைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"நல்லா இருக்கீங்களாம்மா? இன்னும் டைப்பிங் எல்லாம் உண்டா?"

"கையாலதான் எழுதுறேன் சார்."

கட்டுகளைப் பிரித்தார்கள். பதினான்காம் கேள்வி, ஏதேனும் நான்கு அணிகளை எடுத்துக்காட்டுடன் விளக்குக, பன்னிரண்டு மதிப்பெண். அரைமணி நேரம் தாள் புரளும் சத்தம் மட்டும். அவள் திருத்துவதுபோல் பாவனை செய்துகொண்டு காத்திருந்தாள்.

எதிரே உட்கார்ந்திருந்த வயதான தேர்வாளர் தடித்த கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். முகாமில் எல்லோரும் அவரைச் சோடாபுட்டி என்பார்கள், அவருக்கும் அதில் வருத்தமில்லை.

"என்னங்க இது, எல்லாப் பயலும் ஒரே பாட்டையே எழுதி வச்சிருக்கான். கேளுங்களேன். ஆகா என்னும் குடை விரித்து..."

இரண்டாம் வரியை அவர் முடிப்பதற்குள் மேசைக் கடைசியில் யாரோ கனைத்தார்கள். ஒருவர் குனிந்து செருப்பைத் தேடினார். அந்த மேசையில் ஆகாவை அறியாதவர் இல்லை. சோடாபுட்டிக்கும் வாசித்த பிறகுதான் உறைத்தது. அவர் அவசரமாக அடுத்ததை வாசித்தார், அது வஞ்சப்புகழ்ச்சி.

ஆகா கையை நீட்டித் தாளை வாங்கினார். படித்தார். அடுத்த தாளை வாங்கினார், அதற்கடுத்ததை. கழுத்திலிருந்து சிவப்பு ஏறி வழுக்கை வரைக்கும் போனது. ஆறு வருடம் அவள் காத்திருந்த காட்சி. அவள் கண்ணை எடுக்கவில்லை.

"பாடப்புத்தகத்துல இல்லாத எடுத்துக்காட்டு. பதினாலாம் கேள்விக்கு எல்லாருக்கும் பூஜ்யம்" என்றார்.

இந்தக் கணக்கை அவள் போட்டிருக்கவில்லை. பன்னிரண்டு போனால் பாதிப் பிள்ளைகள் தேறமாட்டார்கள். அவள் கைடைத்தான் படித்தார்கள், அவள் கோபத்தைத்தான் மனப்பாடம் செய்தார்கள்.

"சார், விடைக்குறிப்புல பொருத்தமான எடுத்துக்காட்டு எதுவா இருந்தாலும் முழு மதிப்பெண்ணுன்னு போட்டிருக்கே" என்றார் சோடாபுட்டி. எடுத்துக்காட்டு தேடச் சோம்பல்பட்டு அப்படி எழுதியவரே ஆகாதான்.

"அது கவிதைக்குச் சொன்னது. இது கவிதையே இல்ல."

வாயை மூடிக்கொண்டிருந்தால் அவளுக்கு ஆபத்தில்லை. அவள் எழுந்து நின்றாள்.

"எதனால இல்ல சார்?"

"எதனாலன்னா... பார்த்தாலே தெரியுதேம்மா."

"எனக்குத் தெரியல சார். குடைங்கிற சொல்லை எடுத்துட்டு வீடுன்னு போட்டுப் பாருங்க. வீட்டுக்குள்ள இருக்கிறவனுக்கு மழை பெய்றதே தெரியாது, மன்னிச்சு விட்டுடலாம். குடை பிடிச்சவன் மழையிலதான் நிக்கிறான். எல்லாரையும்போல அவன் மேலயும்தான் பெய்யுது. நனைய வேண்டாம்னு அவனே முடிவு பண்ணி விரிச்சிருக்கான். வீடுன்னு போட்டா அந்தக் குத்தம் போயிடுது. அதனால இது உருவகம். நல்ல உருவகம்."

பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஆகா பேனா மூடியைத் திருகித் திருகித் திறந்துகொண்டிருந்தார், அது ஏற்கெனவே திறந்துதான் இருந்தது.

"சார், இது உங்க முறைதானே?" சோடாபுட்டி உண்மையாகவே சந்தோஷப்பட்டார். "முதல் பாடத்துல நீங்களே எழுதியிருக்கீங்க. ஒரு சொல்லை எடு, வேற சொல்லைப் போடு, என்ன தொலைஞ்சதுன்னு பாருன்னு. உங்க முறைப்படி பார்த்தா இது தேறுது சார்."

ஆகா அவளைப் பார்த்தார். பாட்டை எழுதியது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு வார்த்தையில் அவளை வெளியே அனுப்பலாம். ஆனால் இவள்தான் எழுதினாள் என்று சொன்னால், யாரைப்பற்றி என்று கேட்பார்கள். என்ன திருட்டு என்று கேட்பார்கள்.

"விடைக்குறிப்புக்கு மாறாப் பூஜ்யம் போட்டா, ஒவ்வொரு தாள்லயும் நீங்க காரணம் எழுதிக் கையெழுத்துப் போடணும் சார்" என்றாள். "பச்சை மைல. பிள்ளைங்க நகல் கேட்டு வாங்கிப் படிப்பாங்க."

சத்தம் கேட்டு முகாம் அலுவலர் பதிவேட்டோடு வந்து நின்றார். "என்ன சார், ஏதாவது பிரச்சினையா?"

ஆகா தாளின்மேல் குனிந்தார். காரணம் என்ற இடத்தில் பேனா முனை நின்றது. ஒரு கவிதையைப்பற்றி ஒரு வாக்கியம் எழுதவேண்டும். அவர் எழுத முயன்றதை அவள் பார்த்தாள், பொய்யாகக்கூட ஒன்று வரவில்லை. முனை நின்ற இடத்தில் மை பரவி ஒரு பயறு அளவுக்கு வட்டமானது.

"ஒண்ணும் இல்ல" என்றார். வட்டத்தின் பக்கத்தில் பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தேநீர் இடைவேளையில் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் வந்து நின்றார். யாரும் பக்கத்தில் இல்லை என்று பார்த்துக்கொண்டு மெதுவாகப் பேசினார்.

"ஆறாம் பதிப்பு வருதும்மா. உங்க பேரையும் போட்டுடலாம். இணை ஆசிரியர்னு. அட்டையிலேயே. அந்தக் கைடை மட்டும் நிறுத்திடச் சொல்லுங்க."

ஆறு வருடத்துக்கு முன்னால் இதைச் சொல்லியிருந்தால் அழுதிருப்பாள், காலில் விழுந்துகூட நன்றி சொல்லியிருப்பாள். இப்போது அந்த அட்டையை நினைத்துப் பார்த்தாள். மேலே அவர் பெயர், கீழே அவள் பெயர், நடுவில் ஒரு 'மற்றும்'. ஆசையே வரவில்லை. குடையைப்பற்றிப் பேசியபோது ஆறு பேர் தலைநிமிர்ந்து கேட்டார்கள், அது இன்னும் உடம்பில் சூடாக இருந்தது.

"உங்க புத்தகம் உங்க பேர்லயே இருக்கட்டும் சார்."

"அப்போ கைடு?"

"அதுவும் அடுத்த பதிப்பு வருது."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், மணி அடித்தது. காகிதக் கோப்பையைக் குப்பைக்கூடையில் போடக் கையை நீட்டினார். கோப்பை சரிந்தது. மிச்சத் தேநீர் அவருடைய வெள்ளைச் சட்டையின் விளிம்பில் சிந்தியது, அவர் கவனிக்கவில்லை.

அவள் கவனித்தாள். அடுத்த பதிப்பில் படிமத்துக்கு எடுத்துக்காட்டு ஆகும் என்று நினைத்துக்கொண்டு, உள்ளே போய் அடுத்த கட்டைப் பிரித்தாள்.