இடப்பக்கத் தடுப்புக் கம்பி

என் வீட்டுக்காரர் பேசுவதற்கு முன்னால் அடித்துவிடுவார். லாரி டயர் கழற்றும் கடையில் வேலை. நாள் முழுக்கச் சம்மட்டியால் இரும்பு வளையத்தை அடித்து அடித்து, வாயைவிடக் கை முந்திக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டது. கல்யாணமான புதிதில் என்மேலும் ஒருமுறை ஓங்கினார். நான் தையல்காரி. என் கையில் துணி வெட்டும் கத்தரி இருந்ததைப் பார்த்துவிட்டு இறக்கிக்கொண்டார். அதற்கப்புறம் அந்தக் கைக்கு வீட்டில் ஒரே இடம்தான், அவருடைய தம்பி.

கொழுந்தன் கேட் செய்யும் பட்டறையில் வெல்டர். எங்களோடுதான் இருக்கிறான். அவனும் சளைத்தவனில்லை. ஆனால் எவ்வளவு வெறி பிடித்தாலும் "அண்ணே" என்று சொல்லித்தான் அடிப்பான். "விடுண்ணே" என்று அடிவயிற்றில் ஒரு குத்து, "சொன்னாக் கேளுண்ணே" என்று தாடையில் ஒன்று. மரியாதைக்கு ஒரு குறையும் வைக்க மாட்டான்.

எங்கள் கல்யாணத்துக்கு அவன் தன் கையாலேயே ஓர் இரும்புக் கட்டில் செய்து கொடுத்தான். முதல் வாரமே வெல்டிங் விட்டு ஒரு கால் பிய்ந்து, நாங்கள் இருவரும் தரையில் கிடந்தோம். சத்தம் கேட்டு ஓடி வந்த சொந்தக்காரர்கள் சிரித்த சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சூடாகிறது. அவர் அந்தக் கட்டில் காலையே கையில் எடுத்துக்கொண்டு தம்பியைத் தெருக்கோடிவரை துரத்தி, முன்பல்லை உடைத்துவிட்டுத் திரும்பினார். பல் போனதைக் கொழுந்தன் மறந்துவிட்டான். கட்டில் உடைந்ததை இவர் மறக்கவில்லை.

இருவரும் சண்டை போடாமல் சேர்ந்து செய்த ஒரே காரியம் ஜிம்மில் எடை தூக்குவது. இரண்டு நுனியிலும் எடைப் பிளேட் மாட்டிய பாரை ஒருவர் பெஞ்சில் படுத்துத் தூக்கினால் மற்றவர் தலைமாட்டில் நின்று பார்த்துக்கொள்வார். அதிலும் ஒருநாள் யார் முதலில் தூக்குவது என்று தகராறு வந்தது. இவர் பிளேட்டை வீசினார். தம்பி குனிந்துகொண்டான், பின்னாலிருந்த கண்ணாடி குனியவில்லை. ஜிம்காரர் இரண்டு பேரையும் இனி இந்தப் பக்கமே வராதீர்கள் என்று அனுப்பிவிட்டார்.

அப்படித்தான் வீட்டிலேயே அந்தப் பாரைத் தாங்கும் ரேக் ஒன்று வைப்பது என்று முடிவானது.

"பட்டறையில பைப்பு சும்மாதாண்ணே கெடக்கு. நானே செஞ்சு தர்றேன்," என்றான் கொழுந்தன். ஆசையாகத்தான் சொன்னான்.

"உன் வெல்டிங்க நம்பி என் கழுத்தக் குடுக்கச் சொல்றியா? கட்டில்ல இடுப்போட போச்சு."

கொழுந்தன் முகம் செத்துப்போயிற்று. பதிலுக்கு ஒரு குத்துகூட விடவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

இருப்பதிலேயே மலிவானது இரண்டு தூண் மட்டும் உள்ள ஸ்டாண்டு. இவர் அதையே வாங்கப் பார்த்தார். நான் விடவில்லை. "நாலு தூணும் ரெண்டு பக்கமும் தடுப்புக் கம்பியும் இருக்கறதா வாங்குங்க. நீங்க கீழ படுத்திருக்கறப்ப உங்க தம்பி கோவிச்சுக்கிட்டு வெளிய போயிட்டா, பார யாரு தூக்குறது? நானா?" என்றேன். தையல் டேப்பை எடுத்து அறையை அளந்தேன். பாரின் இரண்டு நுனியும் சுவரில் இடிக்காமல் பிளேட் மாட்ட இடம் இருந்தது, ஆனால் மின்விசிறி ரேக்கின் தலையில் இடிக்கும் போலிருந்தது. மின்விசிறியைக் கழற்றினோம். என் தையல் மெஷின் மூலைக்குப் போனது. எங்கள் கைக்கு எட்டிய விலையில் ஒரு ரேக் அட்டைப்பெட்டிகளில் வந்து இறங்கியது.

கொழுந்தன் தூணைச் சுண்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான். போல்ட்டுகளை முதலில் தளர்வாக மாட்டி, சட்டங்கள் நேரானபின் இறுக்க வேண்டும் என்று தாளில் படம் போட்டிருந்தது. இவரோ லாரிச் சக்கரத்தை மாட்டுவதுபோல ஒவ்வொன்றையும் உயிர் போக முறுக்கினார். கடைசிச் சட்டம் சேரவில்லை. "படத்தப் பாருண்ணே," என்றான் கொழுந்தன். ஸ்பேனர் பறந்து அலமாரிக் கதவில் குழி விழுந்தது. எல்லாவற்றையும் கழற்றி மறுபடி மாட்டினார்கள்.

மலிவுச் சரக்கின் குணம் கடைசியில்தான் தெரிந்தது. தடுப்புக் கம்பி முன் தூணின் துளையில் நுழைந்து பின் தூணின் துளையில் போய் உட்கார வேண்டும். கை தவறினால் பார் அந்தக் கம்பிகள்மேல் விழும், ஆள்மேல் விழாது. வலப்பக்கக் கம்பி வழுக்கிக்கொண்டு போனது. இடப்பக்கம் பின் தூணில் துளைகள் கோணலாக இருந்தன. "நான் சரி பண்ணிடறேண்ணே" என்று கொழுந்தன் வாயெடுத்ததும் இவர், "அதுல நெருப்பு வெச்ச, உன் கைய ஒடச்சிருவேன்," என்றார். அதனால் ஒவ்வொரு முறையும் இவர் பின் தூணைத் தள்ளிப் பிடிக்க, தம்பி முன்னாலிருந்து சுத்தியலால் தட்டித் தட்டி ஏற்றுவான். இரண்டு பேர் இல்லாமல் அந்தக் கம்பி ஏறாது.

இவருக்குப் பிடித்தது படுத்துத் தூக்குவது. அதற்குக் கம்பி படுத்தவர் நெஞ்சுயரத்துக்குத் தாழ இருக்க வேண்டும். கொழுந்தனுக்குப் பிடித்தது பாரைத் தோளில் வைத்து உட்கார்ந்து எழுவது. அதற்குக் கம்பி மேலே ஏற வேண்டும். ஒரு சாயங்காலம் ஏற்றுவதா இறக்குவதா என்று ஆரம்பித்து, பேச்சு கட்டிலில் வந்து நின்றது. கழற்றிய இடப்பக்கக் கம்பி கொழுந்தன் கையில் இருந்தது. "அதச் சொல்லாதண்ணே" என்று இவர் தொடையில் அதாலேயே ஓங்கி அடித்தான். இவர் அவன் தலைமுடியைப் பிடித்துத் தூணில் மோதினார். புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அவன் கம்பியை என் மெஷின் பக்கமாக விட்டெறிந்துவிட்டுப் போய்விட்டான்.

அதோடு முகம் கொடுத்துப் பேசுவது நின்றது. நான் கம்பியை எடுத்துத் தூணில் சாய்த்து வைத்து, சேர்ந்து மாட்டச் சொல்லி இருவரிடமும் தனித்தனியே சொன்னேன்.

"அவன்தான எறிஞ்சான்? அவனே வந்து மாட்டட்டும்," என்றார் இவர்.

"அவரு ஒரு வார்த்தை கூப்பிடட்டும் அண்ணி. வர்றேன்."

இந்த வீட்டில் இரண்டு எருமைகளைக் கட்டி மேய்க்கிறேன் என்று எனக்கு அன்றுதான் உறைத்தது.

அடுத்த விடுமுறை நாள் காலையில் நான் அடுப்படியில் இருந்தேன். வீடு அதிர்ந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், பாரின் வலது நுனி கம்பிமேல் உட்கார்ந்திருந்தது. இடது நுனியைத் தாங்க ஒன்றுமில்லாமல் பார் சரிந்து, அவர் தோள் எலும்பை உடைத்துக் கழுத்தில் ஏறியிருந்தது. பிளேட்டுகள் நழுவாமல் கிளிப் போட்டிருந்தார். முகம் கறுத்து, கால்கள் தரையை உதைத்துக்கொண்டிருந்தன. நான் பாரைப் பிடித்து இழுத்தேன். அசையவில்லை.

"தம்பீ, உங்கண்ணன் சாகறாரு," என்று கொல்லைப்பக்கம் பார்த்துக் கத்தினேன்.

கொழுந்தன் கதவை இடித்துத் தள்ளிக்கொண்டு வந்தான். ஒரே தூக்கு. "அண்ணே," என்றான். அத்தனை வெறியில், அடிக்காமல் அவன் அப்படிச் சொல்லி அன்றுதான் கேட்டேன்.

இவர் இருமி, ரத்தம் துப்பி, மூச்சு வந்ததும் வராததுமாக மறு கையால் தம்பி மூக்கில் ஒரு குத்து விட்டார்.

"கம்பி இல்லன்னு தெரியாதாண்ணே உனக்கு?" மூக்கைப் பொத்திக்கொண்டு அவன் கத்தினான்.

"தெரியும். பிளேட்டு மாட்டற சத்தம் கேட்டா நீ வருவன்னு பாத்தேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தப் பாராலேயே இருவரையும் அடித்துக் கொன்றிருப்பேன். தூக்க முடிந்தால்தானே.

இவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கொழுந்தன் வெல்டிங் மெஷினை வீட்டுக்குள் கொண்டுவந்தான். இரண்டு தடுப்புக் கம்பிகளையும் தூண்களோடு சேர்த்துப் பற்றவைத்தான், அண்ணன் படுத்தால் வரும் நெஞ்சுயரத்துக்கு. இனி அவற்றை ஏற்றவும் முடியாது, இறக்கவும் முடியாது, பிடுங்கி யாரையும் அடிக்கவும் முடியாது.

"அப்ப நீ எப்படித் தூக்குவ?"

"நான் தரையில தண்டால் எடுத்துக்கறேன் அண்ணி."

தோள் கூடி வீட்டுக்குள் நடமாட ஆரம்பித்ததும் இவர் ரேக்கைப் பார்த்தார். கடைக்குப் போய்ச் சம்மட்டியோடு திரும்பினார். நான் தடுக்கப் போனேன், கொழுந்தன் வேண்டாமென்று தலையசைத்தான். கண்மண் தெரியாமல் அடித்தார். ஒற்றைக் கையால், வெல்டிங் வைத்த இடங்களிலேயே மாற்றி மாற்றி அடித்தார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பெயிண்ட் சிதறியது, கம்பிகூட லேசாக வளைந்தது. கொழுந்தன் கையைக் கட்டிக்கொண்டு, ஒவ்வோர் அடிக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தான். எந்த இடத்திலும் வெல்டிங் விடவில்லை.

இவர் சம்மட்டியைக் கீழே போட்டுவிட்டு மூச்சிரைக்கப் பெஞ்சில் படுத்தார்.

"பாரக் குடுடா."

"தோள் இன்னும் ஆறணும்ணே."

"குடுடான்னா."

கொழுந்தன் பிளேட் இல்லாத பாரை எடுத்துக் கொடுத்தான். இவர் அதைக் கழுத்துக்கு நேராக நீட்டிப் பிடித்தார். பிறகு இரண்டு கைகளையும் விட்டுவிட்டார். பார் கம்பிகள்மேல் விழுந்து குதித்து நின்றது, தொண்டைக்கு மேலே.

"அந்தக் கட்டிலயும் இப்படிச் செஞ்சிருக்கலாம்ல," என்றார், அசையாமல் படுத்தபடியே.

"அப்பதாண்ணே தொழில் கத்துக்கிட்டிருந்தேன்," என்றான் கொழுந்தன்.