கரிசலாங்கண்ணிப் பத்தியம்

எங்கள் வீட்டில் ஆண்கள் களைத்தால் அதற்கு அசதி என்று பெயர். நான் களைத்தால் சோம்பல். மாமனாருக்கு அசதி என்றால் வெந்நீர் காயும், கோழி அடிபடும். நான் உலக்கையைச் சுவரில் சாய்த்துவிட்டு மூச்சு வாங்கினாலே மாமியார் ஆரம்பித்துவிடுவார்.

தலைப்பிள்ளை பிறந்த பிறகு என் உடம்பில் ரத்தமே இல்லை. முகம் ஊதி வெளுத்துவிட்டது. கண்மாயிலிருந்து ஒரு குடம் தண்ணீர் கொண்டுவருவதற்குள் வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து எழுவேன். வீட்டுக்காரர் ரங்கூனில், ஒரு செட்டியார் கடையில் சமையல் வேலையில் இருந்தார். எனக்காகப் பேச ஆளில்லை.

"நடவு வருது. வயல்ல எறங்க முடியலைன்னா பெறந்த வீட்டுக்கே போயிரு. பிள்ளை இங்கயே கெடக்கட்டும்," என்றார் மாமியார்.

பிள்ளையை விட்டா? செத்தாலும் போகமாட்டேன் என்று முடிவு செய்தேன். சோகைக்குக் கரிசலாங்கண்ணி என்பது பிள்ளையார்பட்டிப் பக்கம் நான் பிறந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். வாய்க்கால் ஓரத்தில் வெள்ளைப் பூவோடு கிடந்ததைப் பறித்துவந்து, விடியுமுன் அம்மியில் அரைத்து, நெல்லிக்காய் அளவு உருட்டி மோரோடு விழுங்கினேன். பத்தியத்துக்காகப் புளியை விட்டேன். எங்கள் குழம்பில் புளியை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? குமட்டும். வாயைப் பொத்திக்கொண்டு நிற்பேனே தவிர, துப்பமாட்டேன்.

ஒருநாள் அந்த அம்மியைச் சரியாகக் கழுவாமல் தேங்காய்த் துவையல் அரைத்துவிட்டேன். அது சாணி நிறத்தில் வந்தது. மாமனார் வட்டிலைத் தள்ளிவிட்டு எழுந்துபோனார். மாமியார் என்னை நாக்கை நீட்டச் சொன்னார். கறுத்திருந்தது.

"என்னத்தடி திங்கிற?"

"மருந்து அயித்தை. வயல்ல எறங்கத்தான் திங்கிறேன். வேணாங்கிறீகளா?"

அப்படி நான் எதிர்த்துக் கேட்டதே இல்லை. அவர் அம்மியைக் கழுவப் போனார்.

நடவன்று இறங்கினேன். குனிந்தால் இன்னும் கொஞ்சம் கண் இருட்டியது. நாற்றுமுடியை இறுகப் பிடித்துக்கொண்டு அடுத்த நாற்றை ஊன்றினேன். என் வரிசை பிந்தவில்லை. வெயில் ஏறியபோது நிமிர்ந்து பார்த்தால், பக்கத்து வரிசையில் நட்டுக்கொண்டிருந்த மாமியாரைக் காணோம். வரப்பில் உட்கார்ந்து முழங்காலை அமுக்கிக்கொண்டிருந்தார். உதடு வெளிறியிருந்தது. அத்தனை நாளும் அந்த முகத்தில் நான் கோபத்தைத்தான் பார்த்திருக்கிறேன்.

பக்கத்தில் போனேன். தலையைத் தூக்காமலே கேட்டார். "ஏத்தா, நாளைக்கு அரைக்கையில எனக்கும் ஒரு உருண்டை வைப்பியா?"

நானும் வரப்பில் உட்கார்ந்தேன். ஆனாலும் பத்தியத்தில் பிடியை விடவில்லை.

"வைக்கிறேன். புளி தொடக் கூடாது. மத்தியானம் செத்த நேரம் படுக்கணும்."

"பகல்ல படுத்தா ஒம் மாமா என்ன சொல்லுவாக?"

"என்னமும் சொல்லட்டும் அயித்தை. நீங்க படுங்க. வாசப்படியில நான் உக்காந்திருக்கேன்."