என் பையை மட்டும் திறக்கவில்லை

நம் பத்திரிகைக்கு என் கோழிக்கிறுக்கலை டைப் அடிக்கும் நண்பரிடம் முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் இன்றும் தகராறு. இந்த வாரம் கோபத்தில் வேறு எழுதுகிறேன். பேனா அழுத்தி நாலு இடத்தில் பேப்பரே கிழிந்துவிட்டது. பிழைகளைத் திருத்திக்கொள்ளுங்கள். கோபத்தை மட்டும் திருத்த வேண்டாம்.

போன சனிக்கிழமை நியூஜெர்சி பார்சிப்பனியில் ஒரு பிறந்தநாள் பார்ட்டி. பேஸ்மென்ட்டில் ஆண்கள் எல்லாம் பேப்பர் ப்ளேட்டும் கையுமாக உட்கார்ந்திருந்தோம். ஒருவர் — கம்ப்யூட்டர் கம்பெனியில் மேனேஜர், நல்ல மனுஷர்தான் — பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே சொன்னார்:

“இந்த ரேஸிசம் கீசிசம் எல்லாம் சும்மா சார். பதினஞ்சு வருஷமா இருக்கேன், என்னை ஒருத்தன் ஒரு வார்த்தை சொன்னதில்ல. நாம ஒழுங்கா இருந்தா அவன் மதிக்கிறான். இந்தக் கருப்பனுங்கதான் எதுக்கெடுத்தாலும் கம்ப்ளைன்ட் பண்ணுவானுங்க...”

எல்லோரும் தலையாட்டினார்கள். அவர் நிறத்துக்கும் என் நிறத்துக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இருவருமே நல்ல கருப்பு. அது கிடக்கட்டும்.

கூட்டத்தில் வாய் திறக்க எனக்கு வராது. தட்டை வைத்துவிட்டு மேலே வந்துவிட்டேன். கோபம் அவர் மேலா? பாதிதான். மீதிப் பாதி என் மேல். ஏனென்றால் அதே பேச்சை நானும் ஒரு காலத்தில் பேசியவன்.

நான் ஒரு யுனிவர்சிட்டியில் ஜேனிட்டர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். மனைவி நர்ஸ் வேலைக்கு வந்தாள்; அவள் விசாவைப் பிடித்துக்கொண்டு நான் வந்தேன். எங்கள் கட்டடத்தில் சுத்தம் செய்கிறவர்கள் பதினொரு பேர். பத்துப் பேர் கருப்பர்கள். பதினொன்றாவது ஆள் நான்.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் மிஸ் லொரெட்டா. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தரைக்குப் பாலிஷ் போடும் மெஷின் முதல் நாளே என்னை இழுத்துக்கொண்டு போய்ச் சுவரில் மோதியது. அவர் சிரித்தார். “அதோட சண்டை போடாதே, சாமி. கையை லேசா விடு. அதுவா வரும்.” பழனிச்சாமி என்ற பெயரில் அவருக்கு வசப்பட்டது கடைசிப் பாதிதான். (அவர் பேசியது இங்கிலீஷ். எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.) என்னிடம் கார் இல்லாத இரண்டு வருஷம், தினமும் என்னை ஏற்றிக்கொண்டு போனவரும் அவர்தான்.

வேலை முடிந்து கிளம்பும்போது பின்வாசலில் சூப்பர்வைசர் கென் ஒரு மேஜை போட்டு நிற்பார். பையைத் திறந்து காட்டிவிட்டுத்தான் போக வேண்டும். எந்தக் காலத்திலோ ஒரு லேபில் ஏதோ காணாமல் போனதாம்... அதிலிருந்து இந்த வழக்கம். டிபன் டப்பா, ஸ்வெட்டர், மருந்து பாட்டில், பெண்களின் சொந்தச் சாமான்கள் — எல்லாம் மேஜைக்கு வரும். பத்துப் பைகளும் திறக்கப்படும். என் முறை வந்ததும் கென் கையை ஆட்டுவார். “நீ போ. உங்க ஆளுங்களைப் பத்தி எனக்குத் தெரியும்.”

எனக்குக் கோபம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்களா? பெருமையாக இருந்தது சார்! ஊருக்குக் கடிதம் எழுதினேன். கூச்சத்தை விட்டு நாலு பேரிடம் சொன்னேன். ‘நம்மாளுன்னா இங்க ஒரு மரியாதை’ என்று. ஆறு வருஷம் இப்படியே போனது. அந்த மரியாதையை யாரிடமிருந்து எடுத்து எனக்குக் கொடுக்கிறார்கள் என்று ஒரு நாள்கூட நான் யோசிக்கவில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள். வரிசையில் மிஸ் லொரெட்டாவுக்குப் பின்னால் நான். கென் பையைக் கேட்டார். மிஸ் லொரெட்டா பையை மார்போடு அணைத்துக்கொண்டார்.

“முதல்ல சாமியோட பையைத் திற. அப்புறம் என்னோடது.”

“அவன் பரவாயில்லை.”

“அப்போ நான்?”

கென் மேஜையைத் தட்டி, பையை வைக்கச் சொன்னார். மிஸ் லொரெட்டா என் பக்கம் திரும்பினார். “சாமி, உன் பையை எத்தனை தடவை திறந்திருக்காங்க? நீயே சொல்லு.”

நான் என்ன செய்தேன் தெரியுமா? தலையைக் குனிந்துகொண்டு, இருவரையும் தாண்டி வெளியே போய்விட்டேன். வழக்கம்போல யாரும் தடுக்கவில்லை.

மறுநாள் மிஸ் லொரெட்டா வரவில்லை. மேலதிகாரி சொன்னதைக் கேட்கவில்லை என்று சஸ்பெண்ட் பண்ணிவிட்டார்கள். விசாரணை, பிறகு டிஸ்மிஸ் என்று பேச்சு. இருபது வருஷ சர்வீஸ் முடிய அவருக்கு எட்டே மாதம். பை சோதனை எல்லோருக்கும் பொது என்று கென் எழுதிக் கொடுத்துவிட்டார். அது பொய் என்பதற்கு ஒரே சாட்சி... திறக்கப்படாத என் பை.

எங்கள் கட்டடத்தில் ஒரு தமிழ்ப் பேராசிரியர் இருக்கிறார். பெரிய படிப்பு. காரிடாரில் என்னைத் தெரியாது அவருக்கு. லிஃப்டில் யாரும் இல்லையென்றால் தமிழ் வரும். யுனிவர்சிட்டியின் சமத்துவக் கமிட்டியில் அவர் மெம்பர். எல்லா நிறக் கைகளும் கோத்திருக்கும் அந்தக் கமிட்டியின் போஸ்டர் கண்ணாடியைப் புதன்கிழமைதோறும் துடைப்பவன் நான். இவரைவிட நல்ல ஆள் உண்டா என்று, அவர் தனியாக லிஃப்டில் ஏறியபோது நானும் ஏறி யோசனை கேட்டேன்.

“இங்க பாரு, நீ வாயைத் திறக்காத. சிட்டிசன்ஷிப்புக்கு அப்ளை பண்ணியிருக்கேல்ல? அவங்க பிரச்சனை அவங்களோட. நமக்குன்னு இங்க ஒரு நல்ல பேர் இருக்கு. அதைக் கெடுத்துடாத.”

“சார், நீங்க அந்தக் கமிட்டியில...”

“அது வேற, இது வேற.”

லிஃப்ட் நின்றது. அவர் போய்விட்டார்.

வீட்டில் மனைவி நான் சொன்னதையெல்லாம் கேட்டாள். ஆஸ்பத்திரி யூனிஃபார்மைக்கூட இன்னும் மாற்றவில்லை.

“ஏனுங்க, ரெண்டு வருசம் பனியில பஸ்ஸுக்கு நிக்காம உங்களைக் கூட்டிட்டுப் போனது அந்தப் பேராசிரியரா, அந்தம்மாவா?”

“அந்தம்மாதான்.”

“அப்புறம் என்னங்க யோசனை? போய் உள்ளதைச் சொல்லிப்போட்டு வாங்க. வேலை போனாப் போவுது. நான் ஒருத்தி இருக்கேனல்ல?”

போனேன். விசாரணை அறையில் நீள மேஜை. அந்தப் பக்கம் கோட்டு போட்ட மூன்று பேர், ஓரத்தில் கென். இந்தப் பக்கம் மிஸ் லொரெட்டா, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போடும் தொப்பியோடு. எனக்கு வரும் இங்கிலீஷில் சொன்னேன்: “மை பேக்... சிக்ஸ் இயர்ஸ்... நோ ஓபன். நாட் ஒன் டே.”

“ஒருவேளை உங்களுக்கு நினைவில்லாமல் இருக்கலாம்” என்றார் கோட்டு போட்ட மூவரில் ஒரு அம்மாள், ரொம்ப இனிமையாக.

கென் குறுக்கிட்டார். எனக்கு உதவுகிறாராம்! “அவனால எங்களுக்கு ஒரு நாளும் பிரச்சனை வந்ததில்லை. அதனாலதான் திறக்கிறதில்லை.”

“ஹெர் ஆல்சோ நோ பிராப்ளம்” என்றேன். “நைன்டீன் இயர்ஸ். ஒய் ஓபன்?”

என் குரல் அந்த அறையில் அவ்வளவு சத்தமாகக் கேட்டது எனக்கே ஆச்சரியம். மூன்று கோட்டுகளும் பேப்பரில் ஏதோ எழுதின.

மிஸ் லொரெட்டாவை மறுபடி வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். ஜெயித்துவிட்டோம் என்று நினைக்கிறீர்களா? ஃபைலில் ஒரு எச்சரிக்கைக் கடிதம். கென் அதே இடத்தில். மறு வாரம் ஒரு சுற்றறிக்கை: பாரபட்சம் கூடாது என்பதால், இனி சுத்தம் செய்யும் ஊழியர்கள் அனைவரின் பையும் திறக்கப்படும். பேராசிரியர்களின் பெட்டி? மாணவர்களின் பை? அதைப் பற்றிப் பேச்சே இல்லை. அவர்கள் சமத்துவத்துக்கு எல்லை ஜேனிட்டர்தான்.

அன்று சாயந்திரம் கென்னின் விரல்கள் என் தயிர்சாத டப்பாவுக்கு அடியில் துழாவின. இதைத்தானே இந்த மனுஷி தினமும் விழுங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகும் வழியில் என்னையும் காரில் ஏற்றிக்கொண்டார்!

பார்க்கிங்கில் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அன்று தலைகுனிந்து போனதற்கு.

“கேட்டாச்சு இல்ல? சரி” என்றார். “ஆனா ஒண்ணு சாமி... ஆறு வருஷம் ரொம்ப லேட்.”

சமாதானமாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் அவருக்கு இல்லை.

எட்டு மாதம் கழித்து அவருக்கு இருபது வருஷம் நிறைந்தது. மத்தியானம் மீட்டிங் ஹாலில் கேக் வெட்டினார்கள். டீன் வந்து, நாமெல்லாம் ஒரே குடும்பம் என்று பேசினார். பெயர் பொறித்த ஷீல்டு ஒன்று கொடுத்தார். கைதட்டினோம். ஒரு மணி நேரம் கழித்துப் பின்வாசலில் அதே மேஜை. கென் சொன்னார்: “பை, ப்ளீஸ்.”

மிஸ் லொரெட்டா பையைத் திறந்தார். ஷீல்டை எடுத்து, எழுத்து கென் பக்கம் தெரியும்படி மேஜையில் வைத்தார்.

“இதுக்கு ரசீது வேணுமா, கென்?”

வரிசையில் இருந்த பத்துப் பேரும் சிரித்தோம். கென்னுக்குக் காதெல்லாம் சிவந்துவிட்டது. கையாட்டி எல்லோரையும் போகச் சொன்னார். மறுநாள் மேஜை மறுபடியும் அங்கேயே இருந்தது. இன்றைக்கும் இருக்கிறது.

இப்போதெல்லாம் அந்த வரிசையில் தினமும் நான்தான் முதலில் நிற்கிறேன் — யார் கண்ணிலும் படாமல் நழுவிப் போகிற சவுகரியம் இனி எனக்கு வேண்டாம்.

1998 நவம்பர் 15, ஞாயிற்றுக்கிழமை.