முயல் கறிக்கேற்ற குழல்

என் வேட்டைத் துப்பாக்கியின் குழல் விட்டத்தை முடிவு செய்தது அம்மாவின் கறிச்சட்டி. ஜேர்மனியின் எசன் நகரில் என்னோடு பட்டறையில் வேலை செய்தவர்கள் இதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

கருவி செய்யும் தொழிலில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சியை முடித்து அளவை அறையில் சேர்ந்த அடுத்த வருடம், வேட்டைப் பரீட்சையும் எழுதித் தேறினேன். அதில் என்னை இழுத்துவிட்டவள் என் வயதுடைய ஒரு ஜேர்மன் சிநேகிதி. பக்கத்து இயந்திரத்தில் வேலை. ரைன் ஆற்றுப் பக்கம் அவள் குடும்பத்துக்கு வேட்டை உரிமை உள்ள வயல்கள் இருந்தன. நான் எனக்கென்று ஒரு விதி வைத்துக்கொண்டேன்: வீட்டில் சாப்பிடாததைச் சுடுவதில்லை.

முதல் முயலைச் சன்னம் சிதறும் துப்பாக்கியால் சுட்டேன். ஜேர்மன்காரர் தொடையை முழுதாக வாட்டி, ஈயச் சன்னங்களைக் கத்தி நுனியால் தோண்டி எடுத்துவிடுவார்கள். நாங்கள் எலும்போடு சிறு துண்டுகளாக வெட்டிக் கறி வைப்போம். எது எலும்பு, எது ஈயம் என்று குழம்புக்குள் தெரியாது. அப்பாவின் வலப்பக்கக் கடைவாய்ப் பல் உடைந்தது.

"முயலோட சேர்த்து என்ர பல்லையும் சுட்டுப்போட்டாய், பிள்ளை," என்றார் அப்பா.

அம்மா சிரிக்கவில்லை. "இனி உன்ர முயல் என்ர சட்டிக்குள்ள வராது."

எலும்பை நீக்கிச் சமைக்கலாமே என்றேன். எலும்பில்லாமல் அது என்ன கறி என்று கேட்டார். அம்மா சட்டியை மூடிவிட்டால், என் விதிப்படி வேட்டையும் முடிந்துவிடும்.

ஆகவே ஒரே குண்டு, அதுவும் தலையில். ஒரே குண்டுதான் என்றான பிறகு, அதையும் வெடிமருந்தையும் நானே அளந்து குழல் வாயால் இடித்து நிரப்பும் பழைய வகைத் துப்பாக்கியே எனக்குப் பிடித்தது. அப்பா அதை இடியன் துவக்கு என்பார். கரிமருந்துக்கான அனுமதி எடுத்து, அந்த வயலில் இதனால் முயல் சுடலாமா என்று வேட்டை அலுவலகத்திலும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். மிச்சம் இருந்தது காலிபர், அங்குலத்தின் நூறில் எத்தனை பங்கு என்று சொல்லும் குழல் விட்டம்.

சிநேகிதி நாற்பத்தைந்தை வாங்கச் சொன்னாள், எல்லாவற்றுக்கும் உதவுமாம். ஆனால் குறி கொஞ்சம் விலகினாலும் முயலின் முன்பாதி போய்விடும். அதை முதலிலேயே நீக்கினேன். முப்பத்திரண்டில் ஈயமும் மருந்தும் குறைவாகச் செலவாகும். குறைகள் மூன்று: குழலில் கரி சீக்கிரம் படியும், குண்டைத் தள்ளும் கோல் மெல்லியது, சின்னக் குண்டைக் காற்று நகர்த்தும். முப்பத்தாறு நடுவில் நின்றது. துப்பாக்கி சுடும் சங்கத்தில் இரண்டையும் இரவல் வாங்கி, முயல் தலை அளவு வட்டம் வரைந்து தொடர்ந்து சுட்டேன். முப்பத்தாறு வென்றது. நாலாவது குண்டிலிருந்து முப்பத்திரண்டு தடுமாறியது.

தாளைப் பார்த்த சிநேகிதி, உன் முயல் நாலாவது குண்டுக்கும் காத்துக்கொண்டிருக்குமா என்று கேட்டாள்.

அவள் சொன்னது சரி. நான் அளந்தது இலக்குச் சுடும் போட்டிக்கு, வேட்டைக்கு அல்ல. அதன் பிறகு சனிக்கிழமைகளில் போய், துடைத்த குழலால் ஒவ்வொன்றிலும் ஒரு குண்டு மட்டும் சுட்டேன். அப்படிப் பார்த்தபோது முப்பத்திரண்டு ஒருமுறைகூட வட்டத்தை விட்டு வெளியே போகவில்லை. காற்று அடிக்கும் நாளில் வீட்டில் இருக்கலாம். செலவும் குறைவு என்று முப்பத்திரண்டையே வாங்கினேன்.

காற்றில்லாத ஒரு பின்னேரம், மண்மேட்டை ஒட்டி மேய்ந்த முயல் ஒரே குண்டில் விழுந்தது. தலையை நீக்கி, தோலுரித்து, கழுவிக் கொண்டுவந்தேன்.

அம்மா சட்டியை எடுக்கவில்லை. முதலில் முயலை விளக்கின் கீழே வைத்து, தொடை, விலா, முதுகு என்று விரலால் அழுத்திக்கொண்டே போனார்.

"எங்க பட்டது?"

"தலையில."

"வேற எங்கயும்?"

"இல்லை அம்மா. ஒரு குண்டுதான்."

இன்னொரு முறை முதுகைத் தடவிப் பார்த்துவிட்டுக் கத்தியை எடுத்தார்.

சாப்பாட்டு மேசையில் அப்பா ஒரு எலும்புத் துண்டை இடப்பக்கம் வைத்து மெல்லக் கடித்தார். அடுத்ததைப் புதுப் பல் வைத்த வலப்பக்கத்துக்கு மாற்றினார். அடுப்படியில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மா, பிறகுதான் தனக்கும் சோறு போட்டுக்கொண்டு வந்து இருந்தார்.