சேமிப்பில் ஒரு நெஞ்சுவலி

போன மாதம் ஒரு சனிக்கிழமை. துணி துவைக்கப் போடும் முன் எங்கள் வீட்டுக்காரரின் பேண்ட் பாக்கெட்டைத் தடவினேன். மடித்த தாள் ஒன்று வந்தது. ‘ஊர் லிஸ்ட்’ என்று தலைப்பு.

வளைகுடாவில் இருக்கிற வீடுகளுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டாம். லீவுக்கு இரண்டு மாதம் முன்பே இந்த லிஸ்ட் ஆரம்பமாகிவிடும். ஊரில் முடிக்க வேண்டிய வேலைகள், திரும்பும்போது பெட்டியில் ஏற்ற வேண்டிய சாமான்கள்… எல்லாம் ஒரே தாளில்.

‘வீட்டு வரி. ஆதார் அட்ரஸ் மாற்றணும். பல் – கீழ் வலது. கண்ணாடி. கடலை மிட்டாய் நாலு கிலோ. நெஞ்சு – சும்மா ஒரு தடவை காட்டணும். அப்பளம்.’

இரண்டாம் தடவை படித்தேன். நெஞ்சு எங்கே இருக்கிறது பாருங்கள் – கடலை மிட்டாய்க்கும் அப்பளத்துக்கும் நடுவில்!

“என்னங்க இது?”

“எது?”

“நெஞ்சு.”

“அது ஒண்ணுமில்ல. சைட்ல படி ஏறுனா லேசா பிடிக்கி. ஊருக்குப் போய்ப் பாத்துக்கிடலாம்.”

“எப்ப இருந்து?”

“பொங்கலுக்கு முன்னாடி இருந்துன்னு நெனைக்கேன்.”

நாங்கள் பேசிக்கொண்டிருந்தது மே மாதத்தில். எனக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். வந்தது. பக்கத்து ஃப்ளாட் வரைக்கும் கேட்டிருக்கும்.

‘ஊருக்குப் போய்ப் பார்த்துக்கலாம்’ – இதைச் சொல்லாத வளைகுடாத் தமிழர் யாராவது உண்டா? எங்கள் பர் துபாய் கட்டடத்தில் மூன்றாவது மாடிக்காரருக்கு ஒரு வருஷமாகக் காதில் இரைச்சல். மஸ்கட் பக்கம் ரூவியில் இருக்கும் என் நாத்தனார் ஒரு வருஷமாக இடது பக்கத்துப் பல்லால் மட்டும் சாப்பிடுகிறார். ஊரில் இருப்பவர்கள் லீவு விட்டால் ஊட்டி, கொடைக்கானல் போவார்கள். நாங்கள் ஸ்கேன் சென்டர் போவோம்.

காரணம் இல்லாமல் இல்லை. இங்கே டாக்டரிடம் போனால் இன்ஷூரன்ஸ் முழுசாகத் தராது. ஒரு பங்கை நாம் கட்ட வேண்டும். பல் என்றாலே கையை விரித்துவிடும். லேபர் கேம்ப்பில் இருக்கும் தம்பிமார்களுக்கு வேறு பயம் – ஏதாவது பெரிய வியாதி என்று வந்து விசாவை கேன்சல் பண்ணிவிட்டால்? அந்தப் பயத்தைக் கிண்டல் செய்ய எனக்கு மனசு வராது.

ஆனால் எங்கள் வீட்டுக்காரருக்கு அந்தச் சாக்கும் கிடையாது. ஏனென்றால் ஜனவரியிலேயே அவர் ஆபீஸில் ‘ஹெல்த் சேவிங்ஸ் அக்கவுண்ட்’ என்று ஒன்று ஆரம்பித்துவிட்டார்கள்.

விஷயம் சுலபம்தான். மாதா மாதம் கம்பெனி ஒரு தொகையை உங்கள் பெயரில் போடும். விருப்பப்பட்டால் சம்பளத்திலிருந்து நீங்களும் கொஞ்சம் போடலாம். அதற்கு ஒரு கார்டு. இன்ஷூரன்ஸ் ஏற்காத பல், மூக்குக் கண்ணாடி, டாக்டரிடம் நாம் கட்ட வேண்டிய பங்கு – எல்லாவற்றுக்கும் அந்தக் கார்டைத் தேய்க்கலாம். குடும்பத்துக்கும் பயன்படுத்தலாம். வருஷக் கடைசியில் மிச்சம் இருந்தால் அழியாது. அப்படியே அடுத்த வருஷத்துக்கு வந்துவிடும். ரொக்கமாக மட்டும் எடுக்க முடியாது.

அமெரிக்காவில் இது பழைய சங்கதி என்று டல்லாஸில் இருக்கும் என் தங்கை ஃபோனில் வகுப்பே எடுத்தாள்.

“அந்தப் பணத்துக்கு வரி கிடையாதுக்கா. அதுதான் பெரிய லாபமே!”

“நாங்க இங்க சம்பளத்துக்கே வரி கட்டுறதில்லையேடி.”

அவள் சட்டென்று வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

சரி, கார்டு வந்ததே… எங்கள் வீட்டுக்காரர் என்ன செய்தார் தெரியுமா? சந்தனம், குங்குமம் வைத்து சாமி அலமாரியில் லட்சுமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். அன்றிலிருந்து ஒவ்வொரு மாதமும் ஃபோனில் அதன் ஆப்பைத் திறந்து, எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்ப்பார். பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு. சீட்டு எடுக்காமல் கடைசி வரை தாக்குப்பிடிப்பவர் முகத்தில் வருமே, அந்தச் சிரிப்பு. கண்ணாடியின் ஒரு காலை நூல் சுற்றி மாட்டிக்கொண்டுதான் அதையும் பார்ப்பார்.

பத்தாவது படிக்கும் எங்கள் மகளுக்குப் பொறுக்கவில்லை.

“அப்பா, புதுக் கண்ணாடி வாங்குங்கப்பா. அந்தக் கார்டு அதுக்குத்தான்.”

“எடுத்தா கொறஞ்சிரும்லா?”

“எடுக்கத்தான்பா குடுத்திருக்காங்க. தட்ஸ் த ஹோல் பாயிண்ட்!”

“சேரட்டும்மா. ஒரு அவசரத்துக்கு வேணும்லா?”

இப்போது நெஞ்சே பிடிக்கிறது. இதைவிட என்ன அவசரம் வர வேண்டும்?

இத்தனைக்கும் மனிதர் ஒரு இன்டீரியர் கம்பெனியில் செலவுக் கணக்குப் போடும் எஸ்டிமேட்டர். அடுத்தவர் வீட்டு சீலிங்கை அண்ணாந்து பார்த்தே எங்கே விரிசல் வரும் என்று சொல்லிவிடுவார். “இப்பவே பாத்துருங்க சார், விட்டா செலவு ரெண்டு மடங்கு” என்று அவர் கஸ்டமருக்கு ஃபோனில் சொல்வதை நானே கேட்டிருக்கிறேன். ஊருக்குத்தான் உபதேசம்.

“கெளம்புங்க. இன்னைக்கே டாக்டரைப் பாக்குறோம்.”

“ஜூலை பதினாலு டிக்கெட் போட்டாச்சு. அதுவரைக்கும் தாங்கும்.”

“நெஞ்சு வந்து உங்ககிட்ட அப்படிச் சொல்லுச்சா?”

சட்டையை மாட்டினார்.

கிளினிக் பக்கம்தான். மீனா பஜார் வழியாக நடந்தே போய்விடலாம். நடந்தோம். பாதி வழியில் ஒரு புடவைக் கடை வாசலில் நின்று, கண்ணாடிக்குள் இருந்த பொம்மையை உற்றுப் பார்த்தார்.

“இந்தக் கலர் நல்லா இருக்குல்லா?”

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் புடவைக் கடையைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர். எனக்கு ஆச்சரியம். நாலு கடை தள்ளி மறுபடி நின்றார். அங்கேயும் ஒரு பொம்மை, அங்கேயும் “இதுவும் நல்லா இருக்கு.” அப்போதுதான் அவர் நெற்றி வியர்வையைப் பார்த்தேன். ரசனையில்லை… மூச்சு வாங்க நிற்கிறார்! அதற்குமேல் எனக்குக் கோபம்கூட வரவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன். மிச்ச தூரத்துக்கு டாக்ஸி.

ரிசப்ஷனில் இன்ஷூரன்ஸ் போக எங்கள் பங்கைக் கட்டச் சொன்னார்கள். லட்சுமிக்குப் பின்னாலிருந்து நான் எடுத்து வந்திருந்த கார்டை நீட்டினேன். மெஷினில் செருகினார்கள். வேலை செய்யவில்லை. மறுபடியும். ம்ஹும். அந்தப் பெண் கார்டைத் திருப்பிப் பார்த்து, விரலால் சுரண்டிப் பார்த்து, “மேடம், வாட் இஸ் திஸ்?” என்றாள். சிப் மேல் காய்ந்த சந்தனம். என் துப்பட்டா நுனியில் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். ‘பீப்’ என்றது. ஐந்து மாதத்தில் முதல் செலவு. எங்கள் வீட்டுக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டாக்டர் திருச்சூர்க்காரர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார்.

“எத்தனை நாளா உண்டு இது?”

“அஞ்சு மாசமா இருக்கும் டாக்டர்.”

“அஞ்சு மாசமா? பின்னே ஏன் வந்தில்லா?”

எங்கள் வீட்டுக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் சொன்னார்: “லீவு அப்ரூவ் ஆகல டாக்டர்.”

டாக்டர் சிரிக்கவில்லை. நானும்தான். பிரஷர் பார்த்தார், இருநூறைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை, இன்னும் என்னவோ. அந்த இரண்டு மணி நேரம் நான் வேண்டாத சாமியில்லை. லட்சுமியிடம் மட்டும், கார்டை எடுத்ததற்குத் தனியாக ஒரு மன்னிப்பு.

ஹார்ட் அட்டாக் இல்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் எனக்கு அழுகையே வந்தது.

“இந்த பிரஷரோட ஜூலை வரை போயிருந்தா டிக்கெட் உண்டாகும்… ஆள் உண்டாகுமான்னு சொல்ல பற்றில்லா” என்றார். எங்கள் வீட்டுக்காரருக்கு மலையாளம் தெரியாது. ஆனால் அது முழுசாகப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டு, மாத்திரைச் சீட்டை இரண்டு கையாலும் வாங்கினார்.

மூன்று வாரம் மாத்திரை. உப்பு குறைச்சல். ஊறுகாய் பாட்டில் என் துணி பீரோவுக்குக் குடிபோனது. பிரஷர் இறங்கியது. போன வாரம் டிரெட்மில் டெஸ்ட் எடுத்தார்கள். இதயத்தில் அடைப்பு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, மாத்திரையை மட்டும் விடக் கூடாது என்றார் டாக்டர். எனக்கு அவரை எழுந்து கும்பிட வேண்டும்போல இருந்தது.

எங்களை வழியனுப்ப அவரும் எழுந்தார். பாதி எழுந்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஒரு கை மேஜையில், ஒரு கை இடுப்பில்.

“என்னாச்சு டாக்டர்?”

“ஒண்ணுமில்லா. டிஸ்க். எட்டு மாசமாயிட்டு உண்டு.”

“கீழ் மாடியிலயே எலும்பு டாக்டர் இருக்காரே?”

“ஏய், அதொன்னும் வேண்டா” என்று மெல்ல நிமிர்ந்தார். “ஓணத்துக்கு நாட்டில் போகும்போ காணிக்கலாம்.”

எங்கள் வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். முகமெல்லாம் வெற்றி.

“பாத்தியா… டாக்டரே சொல்லிட்டாரு!”