வருஷக் காசு

போன வாரம் முழங்கால் வலிக்காகப் பாண்டிச்சேரியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். கவுன்ட்டரில் இருந்த பெண் என் காலைப் பார்க்கவே இல்லை. "இன்ஷூரன்ஸ் இருக்குதா ஆன்ட்டி?" என்றாள். இருக்கிறது என்றதும் ராஜ உபசாரம். எக்ஸ்ரே, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. வலிக்காத முழங்காலையும் விடாமல் படம் பிடித்தார்கள். நல்லவேளை, எனக்கு இரண்டு கால்தான்.

ஊசி குத்துமுன் தடவிய ஸ்பிரிட்டின் வாசனை மரக்காணத்துக்கு இழுத்துப் போய்விட்டது. கல்யாணத்துக்கு முன்னால் அங்கே ஒரு டாக்டரிடம் புண்ணுக்குக் கட்டுப் போடும் வேலை பார்த்தேன். உப்பளத்துக் குடும்பங்கள் அவருக்குத் தை மாதம் ஒரு தொகை கொடுத்துவிடும். அடுத்த தை வரைக்கும் மருந்து, மாத்திரை, கட்டு எல்லாம் அதற்குள் அடக்கம். அதாவது, நமக்குச் சீக்கு வராவிட்டால் அவருக்கு லாபம்.

நம் ஜனங்கள் லேசுப்பட்டவர்களா? மழையில் வேலை நின்று, மார்கழியும் பிறந்துவிட்டால், கொடுத்த காசு வீணாகிறதே என்று வரிசையாக வந்து இருமுவார்கள். டாக்டரும் சளைத்தவர் இல்லை. "ஒண்ணுமில்ல, போய் கஞ்சி குடி" என்று விரட்டுவார். மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற கை அது.

ஆனால் சர்க்கரை வியாதி உள்ளவர்களை மட்டும் உப்புப் பாத்திக்கே தேடிப் போய்த் திட்டுவார். காலில் புண் வந்தால் மாதக்கணக்கில் கட்டுத்துணி அவர் செலவல்லவா? ஒரு வருஷம் கைக்காசு போட்டு ரப்பர் பூட்ஸே வாங்கிக் கொடுத்தார். அவர்களில் ஒருத்தியான பாக்கியம் அக்கா அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் பரண்மேல் வைத்துவிட்டது.

"இன்னா பண்றது சார், புதுசாச்சே. உப்புல போட்டா கெட்டுப்பூடும்."

கெட்டது அக்காவின் கால்தான். கட்டைவிரல் புண் ஆழமாகிச் சீழ் பிடித்தது. வெளியூர் ஆஸ்பத்திரியில் விரலை எடுக்க வேண்டும் என்றார்கள். புருஷன் இல்லாத வீடு. அக்கா பாத்தியில் ஊன்றி நின்றால்தான் அடுப்பு எரியும். டாக்டர் வீட்டம்மா, "எடுக்கச் சொல்லி அனுப்பிடுங்க, நமக்குச் செலவு மிச்சம்" என்றார். டாக்டர் புண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "வெட்டினா அது ஆறவும் நாமதான் கட்டுப் போடணும். வெட்டாமயே போட்டுப் பாக்கலாம்" என்றார்.

அது இரக்கமா கணக்கா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. தினமும் அவரே குனிந்து புண்ணைக் கழுவுவார். வாய் ஓயாது: "எத்தினி வாட்டிம்மா சொல்றது? பூட்ஸுக்குப் பூஜை பண்றியா?" விரல் பிழைத்தது. அன்றைக்கு நான் மருந்து அலமாரிக்குப் பின்னால் போய் அழுதேன்.

பிறகு ஊருக்குள் அரசாங்கக் காப்பீட்டு அட்டை வந்தது. அட்டை இருக்கும்போது இவருக்கு எதற்குத் தண்டம் என்று வருஷக் காசை நிறுத்திவிட்டார்கள். அட்டையோ பெரிய ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் செல்லும்; சின்னச் சீக்குக்கு இவரிடம்தான் வர வேண்டியிருந்தது. டாக்டர் ஒவ்வொரு தடவைக்கும் இவ்வளவு என்று போர்டு மாட்டினார். மனிதர் ஒரே மாதத்தில் தேனாகிவிட்டார். பொய்யாக இருமினாலும் "வாங்க, வாங்க" என்று ஊசி போட்டார்.

பாக்கியம் அக்காவும் வந்தது. சர்க்கரை கன்னாபின்னாவென்று ஏறியிருந்தது, கால் வெறுங்கால். சார் சிரித்த முகமாக ஊசி போட்டு, அடுத்த வாரமும் வரச் சொன்னார். வெளியே வந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டது.

"ஏம்மா, சாருக்கு எம்மேல இன்னா கோவம்? திட்டவே இல்லியே."

"திட்டலன்னா சந்தோஷப்படுக்கா" என்று சிரித்தேன்.

"இல்லம்மா, காலப் பாக்கவே இல்ல."

இன்று அந்தக் கிளினிக் இல்லை. அங்கே செல்போன் ரிப்பேர் கடை இருக்கிறது. டாக்டரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நமக்கு உடம்புக்கு வந்தால் தனக்கு நஷ்டம் என்று பதறிக்கொண்டு ஓடிவர ஊரில் ஒருவர் இருந்தார். அந்த ஆளைத்தான் நாங்களே காசு மிச்சம் பிடித்துத் தொலைத்துவிட்டோம்.