மண்டையோடு போட்ட பிஸ்கட் டப்பா

மாமாவின் கைக்கடிகாரத்தில் மணி மூன்றேகால். கோயில் குளத்தின் மேல்படியில் நின்றுகொண்டு விசில் ஊதி, இரண்டு கட்சிப் பிள்ளைகளையும் வரிசையில் நிறுத்தி அவர் தலைகளை எண்ணினார். ஒரு தலை குறைந்தது. என் தம்பியைக் காணோம். அவனுக்கு அப்போது ஐந்து வயது.

போன வாரம் என் மகன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு மகாபலிபுரம் போனான். விளக்கு வைக்கும் நேரத்துக்கு வரவேண்டிய பஸ் ஊர் அடங்கிய பிறகு வந்து சேர்ந்தது. வழியில் டயர் வெடித்ததாம், வேறொன்றுமில்லை. அவன் வந்தான், சாப்பிட்டான், தூங்கிப்போனான். எனக்குத்தான் இன்னும் தூக்கம் வரவில்லை. தெருவில் எந்த வண்டி நின்றாலும் எழுந்து ஜன்னலுக்குப் போகிறேன். அன்று குளத்தங்கரையில் உட்கார்ந்திருந்த என் அம்மாவின் நினைவும் கூடவே வந்துகொண்டிருக்கிறது. ஒரு தடவை எழுதிப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது நாங்கள் ராயபுரத்தில் கல்மண்டபத்துக்குப் பக்கத்தில் குடியிருந்தோம். எனக்கு ஒன்பது வயது. அப்பாவுக்கும் மாமாவுக்கும் துறைமுகத்தில்தான் வேலை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், கிராப்பு வெட்டிக்கொண்டவர், புதிதாக எதைப் பார்த்தாலும் மறுநாளே நாமும் செய்து பார்க்க வேண்டும் என்று துடிப்பவர். அந்த வருஷம் கிறிஸ்துமஸ் சமயத்தில் அவருடைய துரை, எண்ணூரில் வெள்ளைக்காரக் குழந்தைகளுக்காக ஏதோ ஒரு விளையாட்டு நடத்தினாராம். கூடாரம் அடிக்கவும் சாமான் தூக்கவும் மாமாவையும் அழைத்துப் போயிருந்தார்கள். ஒரு பெட்டியைப் புதைத்துவிட்டு, அது இருக்கும் இடத்துக்குப் போக வழிநெடுகப் புதிர்ச் சீட்டுகளை ஒளித்துவைப்பது. ஒரு சீட்டு அடுத்த சீட்டைக் காட்டும். கடைசிச் சீட்டு பெட்டியைக் காட்டும். திரும்பி வந்த மாமா ஒரு வாரம் வேறு பேச்சே பேசவில்லை.

"எண்ணூர்ல இன்னா கீது? மணலு. அந்த மணல்லயே அவன் புதையல் தேடறான்னா, நம்ம திருவொற்றியூர்ல எப்படித் தேடலாம்! லண்டன் பட்டணம் சேறா கெடந்தப்பவே இங்க ராஜா வந்து மகிழ மரத்தடியில உக்காந்து நியாயம் கேட்டிருக்கான்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, "ராஜா போய்ச் சேர்ந்துட்டான். நீ ஒழுங்கா வேலைக்குப் போய்ச் சேரு" என்றாள்.

இருந்தாலும் ஏற்பாடு நடந்தது. திருவொற்றியூர் சன்னிதித் தெருவில் அத்தை வீடு, அதாவது அப்பாவின் அக்கா வீடு. சனிக்கிழமையே ஜட்காவில் போய் இறங்கினோம். கப்பல் வருகிறதென்று அப்பா மட்டும் வரவில்லை. அத்தைக்கு இரண்டு பெண்கள், ஒரு பையன். பெரியம்மாவின் பையன்கள் இரண்டு பேரும் எங்களோடு வந்திருந்தார்கள். அத்தை பிள்ளைகள் மூவரும் அப்பா வீட்டுக் கட்சி, பெரியம்மா பிள்ளைகளோடு நானும் சேர்ந்து அம்மா வீட்டுக் கட்சி என்று மாமா பிரித்தார். மிஞ்சியவன் தம்பி. அவன் ஒப்புக்குச் சப்பாணி.

எந்த விளையாட்டிலும் ஆட வயசு போதாத குழந்தை ஒன்று அழுதுகொண்டு நிற்கும். அதை விரட்டவும் முடியாது, கணக்கில் சேர்க்கவும் முடியாது. ஒப்புக்குச் சப்பாணி என்று சொல்லி உள்ளே விட்டுவிடுவோம். அது இரண்டு கட்சிக்கும் பொது. எந்தப் பக்கம் ஓடினாலும் சரி, பிடித்தாலும் அவுட் இல்லை. அது தன்னை ஆட்டக்காரன் என்று நினைத்துக்கொள்ளும். மற்றவர்கள் அதை மறந்துவிட்டு ஆடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடானதும் ஆட்டம் தொடங்கியது. முதல் சீட்டில் 'தலைகீழாக நிற்கும் ராஜாவைத் தேடு' என்று இருந்தது. தலைகீழாக நிற்கும் சிலையைத் தேடிக் கோயிலை இரண்டு சுற்று சுற்றினோம். கருவறைக்கு மேலே விமானம் யானை முதுகுபோலப் பின்பக்கம் வளைந்திருக்கும். அந்த வளைவைச் சுற்றி வரும்போது பெரியம்மாவின் மூத்த பையன் நின்றுவிட்டான். சுவர் முழுக்கப் பழைய எழுத்து. என்றோ இடிந்த சுவரைத் திரும்பக் கட்டியவர்கள் அந்த எழுத்தைப் படிக்கத் தெரியாதவர்கள்போலிருக்கிறது, ஒரு கல்லை அப்படியே தலைகீழாக வைத்துப் பூசியிருந்தார்கள். ராஜாவின் சாசனம் தலைகீழாக நின்றது. நாங்கள் குனிந்து கால்களுக்கு நடுவே தலையை விட்டு அதைப் படிக்கப் பார்த்தோம். அப்படியும் ஒரு எழுத்தும் புரியவில்லை. குருக்கள் வந்து, "சன்னிதியிலே என்ன கூத்து இது?" என்று விரட்டினார். அதற்குள் கல்லிடுக்கில் அடுத்த சீட்டு கிடைத்துவிட்டது.

அங்கேதான் சண்டை வந்தது. அந்தக் கோயிலில் நட்சத்திரத்துக்கு ஒன்றாக லிங்கங்கள் வரிசையாக இருக்கின்றன. 'என் நட்சத்திரத்தைக் கும்பிட்டுவிட்டு அதன் பின்னால் பார்' என்று மாமா எழுதியிருந்தார். மாமாவின் நட்சத்திரம் அனுஷம் என்று எங்களுக்குத் தெரியும், வருஷா வருஷம் அம்மா பாயசம் வைப்பாள். அத்தை பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்?

"அழுகுணி ஆட்டம்! உங்க மாமா நட்சத்திரம் எங்களுக்கு இன்னாத்துக்குத் தெரியணும்?" என்று அத்தையின் மூத்த பெண் கத்தினாள்.

"கட்டிக்கப் போறியோ இன்னாவோ, தெரிஞ்சு வெச்சுக்க" என்றான் பெரியம்மா பையன்.

அவள் அவனைப் பிராண்டினாள். பஞ்சாயத்துக்காக எல்லோரும் குளத்துப் படியில் உட்கார்ந்திருந்த மாமாவிடம் ஓடினோம். அவர் விசில் ஊதினார். எண்ணினார்.

"தம்பி எங்க?"

"அவங்க கட்சியில இருந்தான்" என்றோம் நாங்கள்.

"உங்க கூட இல்ல ஓடினான்?" என்றார்கள் அவர்கள்.

இரண்டு கட்சியும் சொன்னது பொய்யில்லை. முதல் சீட்டில் சொன்ன ராஜாவைத் தேடும்போதே அவன் எங்களிடமிருந்து அவர்களிடமும், அவர்களிடமிருந்து எங்களிடமும் ஓடிக்கொண்டிருந்தான். எப்போது இரண்டு பக்கமும் இல்லாமல் போனான் என்று யாருக்கும் தெரியவில்லை.

கோயிலுக்குள் தேடினோம். மடைப்பள்ளி, மகிழ மரம், தேர் நிற்கும் கொட்டகை, எங்கும் இல்லை. பிறகு யாரும் சொல்லாமலே எல்லோரும் குளத்தைப் பார்த்தார்கள். தண்ணீர் பச்சைப் பசேலென்று, அடி தெரியாமல் கிடந்தது. மாமா கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, போட்டிருந்த சட்டையோடு குதித்தார். தெரு ஆட்கள் நாலைந்து பேர் பின்னாலேயே இறங்கினார்கள்.

அம்மா ஓடிவந்தாள். அத்தையும் பின்னாலேயே வந்து, தண்ணீரில் முங்கி எழுந்த மாமாவைக் காட்டி, "வெள்ளக்காரன் வெளையாட்டு காட்டறானாம் உன் தம்பி. நம்ம வெளையாட்டெல்லாம் இவனுக்குப் போதல!" என்று கத்தினாள். அம்மா "வடிவுடையம்மா" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்தாள். யாராவது தண்ணீரிலிருந்து தலையைத் தூக்கினால் அவர் முகத்தைப் பார்ப்பாள். அவர் தலையை ஆட்டுவார். அடுத்த தலை எழும்பும்வரை தண்ணீரைப் பார்ப்பாள். அழவே இல்லை. அம்மாவுக்குத் தைரியம் அதிகம் என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம் நானும் அழவில்லை. அது தைரியமில்லை என்று இப்போது தெரிகிறது.

எங்களைத் திரும்ப அழைத்துப்போக வந்திருந்த ஜட்காக்காரர், "பேஜார் படாதம்மா, கொயந்த எங்கியும் போயிருக்காது. டேசன் வரிக்கும் பாத்துகினு வரேன்" என்று வண்டியைத் திருப்பினார். அத்தையின் வீட்டுக்காரர் கால்வாய்ப் பக்கம் போனார். கடற்கரைக்கு மட்டும் யாரும் போகவில்லை. தெரு இறங்கினால் கடல். ஆனால் குழந்தை இதுவரை அந்தப் பக்கம் தனியே போனதில்லை, குளமோ காலடியில் கிடந்தது.

வெயில் சாய்ந்துவிட்டது. மாமா உதடு நீலம் பாரித்து, நடுங்கிக்கொண்டு படியேறினார். அம்மா அவரைக் கேட்டாள்: "நேத்து சாயங்காலம் அவனைத் தோள்ல தூக்கிக்கினு எங்கியோ போனியே, எங்க போன?"

மாமா அப்படியே நின்றார்.

கடற்கரைக்குத்தான் போயிருக்கிறார். துரையின் விளையாட்டில் பெட்டிமேல் மண்டையோடும் குறுக்கே இரண்டு எலும்பும் வரைந்திருந்ததாம், கொள்ளைக்காரன் புதையல் என்பதற்கு அடையாளம். மாமாவும் ஒரு பிஸ்கட் டப்பாவில் கமர்கட்டும் பிஸ்கட்டும் போட்டு, சிவப்புத் துணியில் சுற்றி, மணலில் புதைத்துவிட்டு, மேலே ஒரு கல்லை வைத்து, கல்லில் சுண்ணாம்பால் மண்டையோடு வரைந்திருக்கிறார். தம்பி பக்கத்திலேயே நின்று பார்த்திருக்கிறான். குழந்தைக்கு என்ன புரியும் என்று நினைத்திருக்கிறார். புதிர்களை வரிசையாக அவிழ்க்காமல் ஒருவன் நேராகப் புதையலுக்குப் போய்விட முடியும் என்று மாமாவுக்கு அதுவரை தோன்றவே இல்லை.

அவர் சொட்டச் சொட்ட ஓட ஆரம்பித்தார், நாங்களும் பின்னாலேயே ஓடினோம். சன்னிதித் தெரு முனைகூடத் தாண்டியிருக்கமாட்டார், எதிரே ஒரு மீனவப் பெண் வந்தாள். கறுத்து, உயர்ந்து, முழங்காலுக்குமேல் சேலையைச் செருகியிருந்தாள். இடுப்பில் தம்பி. அவன் நெற்றியிலும் மார்பிலும் திருநீறு அப்பியிருந்தது, தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் வழிந்தது, காதில் வேப்பிலை. வாய் ஓரத்தில் கமர்கட்டு ஒழுகிக் காய்ந்திருந்தது. அவள் இன்னொரு கையில் டப்பா. பின்னால் வந்த குப்பத்து ஆண்கள் தெருமுனையிலேயே நின்றுவிட்டார்கள்.

அம்மா அவனைப் பிடுங்கிக்கொண்டாள். கை, கால், முகம் என்று தடவித் தடவிப் பார்த்தாள். அதன் பிறகுதான் அழுதாள்.

"உன் புள்ளதானா? அத்த வூடு, அத்த வூடுன்னு சொல்லிகினே கீது. எந்த அத்தன்னு நான் கண்டேன்? தெரு தெருவா தூக்கிகினு வரேன்" என்றாள் அந்தப் பெண். பிறகு டப்பாவை எங்களுக்கு முன்னால் மெதுவாகத் தரையில் வைத்தாள். "இது யாரு வெச்சது?"

பிறகு அவளே சொன்னாள்.

"காத்தால மரம் தள்ள வந்தவங்க பாத்தாங்க. கல்லு, கல்லுல மண்டையோடு. மணலு பறந்து செவப்புத் துணி வெளிய தெரியுது. எவனோ எங்க குப்பத்துக்கு சூனியம் வெச்சிட்டான்னு ஒர்த்தன் கிட்ட போவல. எண்ணூர்லேர்ந்து பூசாரிய இட்டார ஆளு போச்சு. அவுரு வர்றதுக்குள்ள இது எங்கேர்ந்தோ ஓடியாந்து, கல்ல தள்ளி வுட்டு, டப்பாவ தொறந்து வாயில எடுத்துப் போட்டுகிச்சு. எங்க எல்லாருக்கும் ஈரக்கொல நடுங்கிடுச்சு. தொடறதுக்கு ஆளு இல்ல. நான்தான் தூக்கி மடியில போட்டுகினேன். பூசாரி வந்து கழிப்பு கழிச்சி முடிக்கிற வரிக்கும் எறக்கி வுடல. வழியில எதுனா ஆயிட்டா பெத்தவளுக்கு யாரு பதில் சொல்றது?"

அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். விடவில்லை.

மாமா முன்னால் வந்தார். "சூனியம் இல்லம்மா. நான்தான் வெச்சேன். பசங்களுக்கு வெளையாட்டுக்குத்தான்..."

"வெளையாட்டா?" அவள் டப்பாவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். கோபமாகத் தெரியவில்லை. "நல்ல வெளையாட்டு நைனா. இன்னிக்கு எங்க மரம் ஒண்ணுகூட தண்ணியில எறங்கல."

கட்டுமரத்தைத்தான் அவர்கள் மரம் என்பார்கள் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம் இல்லாததுபோல அவர்களுக்கும் ஆகியிருக்கிறது என்று நினைத்தேன். குப்பத்துப் பிள்ளைகளுக்கு அன்று பூராவும் அப்பா வீட்டில் இருந்திருப்பார். எங்கள் அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமையும் கப்பல்.

"அப்போ இன்னிக்கு உங்க எல்லாருக்கும் லீவா?" என்று கேட்டேன்.

அவள் குனிந்து என் கன்னத்தைத் தட்டினாள். உள்ளங்கை சொரசொரவென்றிருந்தது.

"ஆமா கண்ணு, லீவுதான். அடுப்புக்கும் லீவு."

அடுப்புக்கு யாராவது லீவு விடுவார்களா என்று நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அம்மாவையும் மாமாவையும் பார்த்தேன். அவர்கள் ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை.